கண்ணாடிக்குள் இன்னொரு ஜொனி

நிஷாலினிக்கு மனதில் ஒரு கேள்வி வந்துவிட்டால் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. மடுல்சீமைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு டீச்சர் இதற்காகவே அவளை முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைக்கு மாற்றிப் பார்த்தார். அவள் அங்கிருந்து இன்னும் சத்தமாகக் கேட்டாள்.

அன்று காலை பதுளையில், புதிதாகத் திறந்த சிறுவர் ஆஸ்பத்திரியின் வாட்டில் வைத்து அவள் கேட்ட கேள்வி இதுதான்:

“டொக்டர், இந்த ஒப்பரேஷன நீங்க இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கீங்களா?”

அம்மா அற்புதமலர் அவள் கையில் நறுக்கென்று கிள்ளினாள். பக்கத்துக் கட்டில் ரிஸ்காவின் உம்மா அஸ்னாகூடத் திரும்பிப் பார்த்தார்.

கட்டிலில் இருந்த ஜொனிக்கு மட்டும் எந்தக் கவலையும் இல்லை. அவன் நிஷாலினியின் தம்பி, வயது ஆறு. ஈரலிலிருந்து பித்தநீர் இறங்கும் குழாய் அவனுக்கு பலூன் போல வீங்கியிருந்தது. அதனால் மாதம் தவறாமல் காய்ச்சல் வரும். கண் மஞ்சளாகிவிடும். இன்று அந்தக் குழாயை வெட்டி எடுத்துவிட்டுப் புதுவழி வைக்கப் போகிறார்கள். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சின்னச் சின்னத் துளைகள் போட்டு, அவற்றின் வழியாகவே எல்லாவற்றையும் செய்ய வேண்டும். சுலபமான வேலை இல்லை.

டொக்டர் பிரஷாந்தினி கோபப்படவில்லை.

“பெரிய டொக்டருக்குப் பக்கத்துல நின்னு செஞ்சிருக்கேன்,” என்றார். “நானே முன்னுக்கு நின்னு செய்யிறது இதுதான் முதல் தடவை.”

அம்மாவின் முகம் வாடிப்போனது.

“ஆனா ஜொனிக்கு இத எத்தனையோ தடவை செஞ்சு பார்த்துட்டேன்,” என்று சொல்லி டொக்டர் சிரித்தார்.

“அது எப்படி? ஜொனி இங்கதானே இருக்கான்?”

“இன்னொரு ஜொனி இருக்கான். இப்ப அவன்கிட்டத்தான் கடைசி ஒத்திகைக்குப் போறேன். வர்றியா?”

நிஷாலினி அம்மாவைப் பார்த்தாள்.

“போயிட்டு வா,” என்றாள் அம்மா. “அங்கயும் போயி வாய் வச்சிக்கிட்டு நிக்காத.”

அப்போது நர்ஸ் வந்து ஜொனியின் அட்டையைப் பார்த்தார். “அம்மா, சாப்பாடு தண்ணி ஒண்ணும் குடுக்க இல்ல தானே?”

“இல்லீங்க மிஸ். ராத்திரியில இருந்து புள்ள பட்டினிதான்,” என்றாள் அம்மா. சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது.

*

அந்த அறை சின்னதாக இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், சுவரில் பெரிய திரை, நடுவில் ஒரு மேசை. மேசையில் கறுப்பு நிறத்தில் பெரிய கண்ணாடிகள் இருந்தன. நீச்சல் அடிப்பவர்கள் போடுவது போலத்தான், ஆனால் மூன்று மடங்கு பெரிது.

கம்ப்யூட்டரின் முன் இருந்த அண்ணாவின் பெயர் சுரேன். இந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

“தங்கச்சி, போட்டுப் பார்க்குறீங்களா?”

கேட்டதுதான் தாமதம், நிஷாலினி கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

அறை காணாமல் போனது. அவள் ஓர் ஒப்பரேஷன் தியேட்டருக்குள் நின்றாள். தலைக்கு மேலே பெரிய விளக்கு. எதிரே கட்டில். கட்டிலில் பச்சைத் துணி போர்த்திய ஒரு சின்னப் பையன். பக்கத்தில் ஒரு நர்ஸ் தட்டோடு நடந்து வந்தார். அவர்மேல் மோதிவிடக் கூடாதே என்று நிஷாலினி மரியாதையாக ஒதுங்கினாள். உண்மையான அலுமாரியில் முட்டிக்கொண்டாள்.

சுரேன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“அவனுக்கு ஜொனியோட முகம் இல்லையே,” என்றாள் நிஷாலினி, நெற்றியைத் தடவியபடி.

“ஸ்கேன் எடுத்தது வயித்தத்தானே? வயித்துக்குள்ள இருக்கிறது அத்தனையும் உன் தம்பியோடது. ஈரல், குழாய், ரத்தம் ஓடுற நரம்பு எல்லாம் அப்படியே அச்சா இருக்கு,” என்றார் டொக்டர். “முதல்ல நிறையப் பிழை விட்டேன். இந்த ஜொனிக்கு எத்தனை பிழை விட்டாலும் வலிக்காது. அதுக்காகத்தான் இவன் இருக்கான்.”

பிறகு டொக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இரண்டு கைகளிலும் நீளமான இரண்டு கோல்களைப் பிடித்தார். அவருக்கு எதிரே றில்வான் என்ற இளம் டொக்டரும் கண்ணாடி போட்டு நின்றார். நோயாளியைத் தூங்க வைப்பது அவர் பொறுப்பு. அவர்கள் கண்ணாடிக்குள் பார்ப்பதெல்லாம் சுவரில் இருந்த திரையிலும் தெரிந்தது.

“மருந்து போகுது,” என்றார் றில்வான். “பிள்ளை தூங்குறான்.”

திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நிஷாலினி மூச்சுக்கூட விடாமல் பார்த்தாள்.

திடீரென்று இயந்திரம் அலறியது.

பச்சைக் கோடு சிவப்பாகியது. பையனின் வாயில் ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது. திரையில் எண்கள் மளமளவென்று இறங்கின. றில்வான் பையனின் தலையைச் சரித்தார். குழாயை எடுத்தார். ஏதோ உறிஞ்சினார். கைகள் பரபரவென்று வேலை செய்தன. எண்கள் இறங்குவது மட்டும் நிற்கவில்லை.

“சுரேன், என்னது இது?” டொக்டரின் குரல் இறுகியிருந்தது.

“நான் ஒண்ணும் செய்யல டொக்டர். ஒத்திகையில இது தானாவே ஏதாவது ஒரு ஆபத்தப் போடும். இன்னைக்கு இதப் போட்டிருக்கு. வயித்துல இருந்தது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிட்டுது.”

கோடு நேராகியது. திரை முழுக்கக் கறுத்தது.

றில்வான் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பொய்யான பையன்தான். ஆனாலும் அவர் முகம் வெளுத்திருந்தது.

நிஷாலினி டொக்டரின் கையைப் பிடித்தாள். “செத்துட்டானா?”

டொக்டர் அவள் முன் குனிந்தார். “இங்க பாரு. இது உன் தம்பிக்கு நடக்காது. வயித்துல ஏதாவது இருந்தாத்தான் இப்படி வரும். தூங்க வச்சதும் உடம்பு தளர்ந்துரும், உள்ள இருக்கிறது மேல வந்துரும். ஜொனி வயிறு காலியா இருக்கு. அதுக்குத்தானே ஒண்ணும் குடுக்க வேணாம்னு சொன்னோம்.”

நிஷாலினியின் வாயில் ஒரு கேள்வி வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அதை விழுங்கினாள்.

அன்று விடியற்காலையில் வாட்டில் ஜொனி குளிரில் அழுதான். அம்மா பிளாஸ்க்கைக் கொடுத்து, “கேட்டுக்குப் பக்கத்துல இருக்கிற கடையில பால் தேத்தண்ணி வாங்கிட்டு வா” என்றாள். நிஷாலினிதான் ஓடிப்போய் வாங்கி வந்தாள். பிறகு முகம் கழுவப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது பிளாஸ்க் கட்டிலுக்கடியில் இருந்தது.

அதை யார் குடித்தார்கள்?

அம்மா பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் அவர்களுடைய தோட்டத்து லயத்து வீடுகளில் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கிலும் வராது, தண்ணீர்க் கணக்கிலும் வராது. விடிந்ததும் அது இல்லாமல் யாரும் வாசலைத் தாண்டமாட்டார்கள். தவக்காலத்தில் ஒருசந்தி நோன்பு இருக்கிறவர்கள் சோறு தொடமாட்டார்கள். தேத்தண்ணி மட்டும் குடிப்பார்கள். அதனால் நோன்பு முறிந்துவிட்டதென்று கோயிலில் யாரும் சொன்னதே இல்லை. அம்மா பட்டினி என்றால் அதற்குள் தேத்தண்ணி இருக்கலாம்.

ஒருவேளை அம்மாவே குடித்திருந்தால்? தான் தெரியாமல் எதையாவது உளறி, அதனால் ஒப்பரேஷனை அவர்கள் நிறுத்திவிட்டால்?

“நான் அம்மாகிட்டப் போறேன்,” என்று சொல்லிவிட்டு நிஷாலினி ஓடினாள்.

*

வாட்டில் அம்மா ஜொனிக்குப் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். சட்டை அவன் முழங்காலைத் தாண்டித் தொங்கியது.

“அம்மா, காலையில வாங்கிட்டு வந்த தேத்தண்ணிய யாரு குடிச்சது?”

“நான் ஒரு வாய் குடிச்சேன். மிச்சத்த தம்பிக்குக் குடுத்தேன். குளுருல நடுங்குனான், பாவம். ஏன்?”

“எவ்வளவு குடிச்சான்?”

“ஒரு கப்,” என்று ஜொனியே பதில் சொன்னான். “சீனி காணாது.”

நிஷாலினி அம்மாவின் காதோடு எல்லாவற்றையும் சொன்னாள். திரையில் பார்த்ததைச் சொன்னாள். சிவப்புக் கோட்டைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“தேத்தண்ணிதானே புள்ள,” என்றாள் மெதுவாக. “அது என்ன செஞ்சிரும்?”

“பால் போட்டதும்மா. டொக்டர்கிட்டச் சொல்லணும்.”

“சொன்னா திருப்பி அனுப்பிருவாங்கடி.” அம்மாவின் குரல் உடைந்தது. “அஸ்னா அக்கா சொன்னது கேக்கலியா?”

கேட்டிருந்தாள். நேற்று அஸ்னா தன் கதையைச் சொன்னார். “போன முறை மகளுக்குத் தடிமன், மூக்கு ஓடுது எண்டு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. பொறகு தேதி கிடைக்க மூணு மாசமாச்சு.” ரிஸ்காவுக்கு அவசரம் இல்லாத சின்ன ஒப்பரேஷன். ஜொனி அப்படியா? இன்னும் மூன்று மாதம் காய்ச்சலோடு இழுத்துக்கொண்டு இருக்க முடியுமா? போன காய்ச்சலில் அவனைத் தூக்கிக்கொண்டு, மழையில் இடிந்துகிடந்த ரோட்டில் லொறி வரும்வரை நின்றார்களே. அப்பா கொழும்பில் கடை வேலையில் இருக்கிறார். அம்மா ஒருத்திதான் நின்றாள்.

நிஷாலினிக்கு அழுகை வந்தது. சொன்னால் தம்பியைத் திருப்பி அனுப்புவார்கள். சொல்லாவிட்டால்?

தள்ளுவண்டி வந்துவிட்டது. நர்ஸ் ஜொனியைத் தூக்கி அதில் படுக்க வைத்தார். ஜொனிக்கு வண்டி பிடித்துப்போனது.

“அக்கா, நீயும் ஏறு,” என்றான்.

வண்டி நகர்ந்தது. அம்மாவின் உதடுகள் மட்டும் ஜெபத்தில் அசைந்தன. வண்டி வாசலுக்குப் போனது. வாசலுக்கு அப்பால் நீண்ட நடை. அதன் முடிவில் தியேட்டர்.

நிஷாலினி ஓடிப்போய் வண்டியின் முன்னால் நின்று, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தாள்.

“நிறுத்துங்க மிஸ்.”

“தங்கச்சி, விடுங்க. டொக்டர் காத்துக்கொண்டு இருக்கிறாங்க.”

“டொக்டரக் கூப்பிடுங்க.”

“அங்க போய்ப் பேசலாம். கையை எடுங்க.”

“எடுக்க மாட்டேன். டொக்டர் வரட்டும்.”

நர்ஸ் கம்பியிலிருந்து ஒரு விரலை எடுத்தால் நிஷாலினி மற்ற விரல்களை இறுக்கினாள். வாட்டில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். யாரோ திட்டினார்கள். அதற்குள் நடையின் முடிவில் டொக்டர் பிரஷாந்தினி வருவது தெரிந்தது. அவர் பின்னால் றில்வானும் வந்தார்.

“என்ன நிஷாலினி?”

“நான்தான் டொக்டர்,” என்றாள் நிஷாலினி. “நான்தான் கடையில போயி தேத்தண்ணி வாங்கிட்டு வந்தேன். பால் தேத்தண்ணி. தம்பி குடிச்சிட்டான். அம்மாவ ஏசாதீங்க. எங்க வீட்டுல தேத்தண்ணி சாப்பாடு இல்ல. அம்மா பொய் சொல்லல.”

றில்வான் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

“அவ வாங்கிட்டுத்தான் வந்தா டொக்டர். குடுத்தது நான். இப்ப சொல்ல வேணாம்னு சொன்னதும் நான்தான். அவள ஒண்ணும் சொல்லாதீங்க.”

“எத்தனை மணிக்குக் குடுத்தீங்க?”

“மொத பஸ் போன நேரம். அஞ்சரை இருக்கும்.”

டொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். றில்வானைப் பார்த்தார்.

“திருப்பி அனுப்பப் போறீங்களா?” என்று நிஷாலினி கேட்டாள். அவள் இன்னும் கம்பியை விடவில்லை.

“யாரு சொன்னா? பால் கலந்ததுன்னா ஆறு மணித்தியாலம் பொறுக்கணும். மதியத்துக்குப் பிறகு பயமில்லாமச் செய்யலாம். அதுக்குள்ள ரிஸ்காவ எடுப்போம்.” டொக்டர் பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பினார். “ரிஸ்காவும் ஒண்ணும் சாப்பிடலதானே? தேத்தண்ணி? பிஸ்கட்? டொஃபி?”

“ஒண்டும் இல்ல,” என்றாள் ரிஸ்கா எரிச்சலோடு. “காலையில இருந்து பசிக்குது எண்டு சொல்லிக்கொண்டே இருக்கன். யாரும் கேக்குறாங்க இல்ல.”

அழுதுகொண்டிருந்த அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

டொக்டர் நிஷாலினியின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

*

மதியத்துக்குப் பிறகு ஜொனியைக் கொண்டுபோனார்கள். தியேட்டர் வாசலில் ஒரு வாங்கு இருந்தது. அம்மா ஜெபமாலையோடு அதில் உட்கார்ந்தாள். நிஷாலினியால் உட்கார முடியவில்லை. கதவு திறக்கும் போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். ஒரு தடவை நர்ஸ் ஒருவர் வேகமாக வெளியே வந்து, ரத்தப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு வேகமாகவே உள்ளே போனார். அம்மாவின் கையில் ஜெபமாலை நின்றுவிட்டது.

“அது வேற யாருக்காவது இருக்கும்மா,” என்றாள் நிஷாலினி. உள்ளே வேறு யாரும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அம்மா அவளை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள். காலையில் கிள்ளிய இடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

மழை வந்து நின்றது. பிறகு கதவு திறந்தது. இந்தத் தடவை வந்தது டொக்டர் பிரஷாந்தினி.

“முடிஞ்சுது,” என்றார். “நல்லா இருக்கான்.”

அம்மா ஜெபமாலையை உதட்டில் வைத்துக்கொண்டாள்.

“ரத்தப் பை கொண்டுபோனாங்களே?” என்றாள் நிஷாலினி.

“ஒரு நரம்பு குழாயோட ஒட்டிக்கிட்டு இருந்துது. கொஞ்சம் ரத்தம் போச்சு. ஆனா அந்த நரம்ப எனக்கு ஏற்கனவே தெரியும். இன்னொரு ஜொனிக்கிட்ட அதுல மூணு தடவை பிழை விட்டேன். இன்னைக்கு விடல.”

டொக்டர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். “இத்தனை நாள் பழகினோம். குழாய், நரம்பு, ரத்தம், எல்லாத்துக்கும் பழகினோம். ஒரு அம்மாகிட்டத் தேத்தண்ணி குடுத்தீங்களான்னு கேக்க ஒருத்தருக்கும் தோணல.”

*

ஜொனி வீட்டுக்குப் போகும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் சுரேன் வாட்டுக்கு வந்தார். கையில் ஒரு மைக் இருந்தது.

“அக்கா, ஒரு உதவி. கண்ணாடிக்குள்ள இருக்கிற அம்மாமார் எல்லாம் புத்தகம் மாதிரிப் பேசுறாங்க. கேட்டதுக்குச் சரியான பதிலச் சொல்றாங்க. இனி டொக்டர்மார் பழகுறதுக்கு உங்கள மாதிரி ஒரு அம்மா வேணும்.”

அம்மாவின் முகம் சிவந்தது. “நான் செஞ்ச பிழைய எல்லாருக்கும் காட்டப் போறீங்களா தம்பி?”

“உங்க பேரும் வராது, முகமும் வராது. குரல் மட்டும்தான்.”

அம்மா ஜொனியைப் பார்த்தாள்.

“சரி,” என்றாள். பிறகு தலையை வாரி, சேலையைச் சரிசெய்துகொண்டு மைக்கின் முன் உட்கார்ந்தாள்.

“அம்மா, குரல் மட்டும்தான்,” என்றாள் நிஷாலினி.

“இருக்கட்டும்,” என்றாள் அம்மா.

வீட்டுக்குப் போகும் நாள் காலையில் சுரேன் அவர்களை அந்தச் சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே அனுஷ்கா என்ற இளம் டொக்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். முந்தைய நாள்தான் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவர். இந்த ஒத்திகையில் என்ன ஆபத்து இருக்கிறதென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

திரையில் ஒரு வாட்டு தெரிந்தது. கட்டிலில் ஒரு பிள்ளை. பக்கத்தில் ஓர் அம்மா, அவள் காலடியில் ஒரு பிளாஸ்க்.

“அம்மா, பிள்ளைக்குச் சாப்பாடு ஏதும் குடுத்தீங்களா?” என்று டொக்டர் அனுஷ்கா கேட்டார்.

“இல்லீங்க டொக்டர். ராத்திரியில இருந்து புள்ள பட்டினிதான்.” அற்புதமலரின் குரல்தான். ஜொனி வாயைப் பிளந்து அம்மாவைப் பார்த்தான்.

“தண்ணி?”

“ஒரு சொட்டுக் குடுக்கலீங்க.”

“நல்லது,” என்றார் டொக்டர் அனுஷ்கா. கட்டிலைத் தள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார். திரையில் கட்டில் நகர்ந்தது. தியேட்டரின் கதவு தெரிந்தது.

நிஷாலினிக்குக் கத்திவிடலாமா என்றிருந்தது. சுரேன் உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டினார். அவள் தம்பியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. டொக்டர் அனுஷ்கா ஓர் அடி எடுத்து வைத்தார்.

நின்றார். எதையோ யோசிப்பது போலத் தலையைச் சாய்த்தார். திரும்பினார்.

“அம்மா, தேத்தண்ணி குடிச்சானா பிள்ளை?”

திரையில் இருந்த அம்மா தலையைக் குனிந்தாள். “குடிச்சான் டொக்டர். பால் தேத்தண்ணி.”

உடனே, சரி என்று பச்சை விளக்கு எரிந்தது. கட்டில் நின்றது.

உண்மையான அம்மா நாற்காலியில் சாய்ந்து, இவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

“கேட்டுட்டாங்க,” என்றாள், நிஷாலினியின் தோளைப் பிடித்துக்கொண்டு. “பாத்தியா புள்ள, கேட்டுட்டாங்க.”